பாதி ஜெபத்தில் நான் சொன்ன ஆமென்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கணவரின் அண்ணன் விட்டுப்போனது. சபைப் போதகர் இதைக் கேட்கவில்லை. இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வரும் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். நோவு எடுத்துப் பெற்றவளைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது. இதை நானே எழுதினால் கிறிஸ்துமஸ் ஆகிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அடுத்த வீட்டுக்காரி இந்து. என்னைவிட நான்கு வயது இளையவள். போன மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மகன் விடியும் முன்பே ரப்பர் வெட்டப் போவான். மருமகள் ஏழு மணி பஸ்ஸில் பாலராமபுரம் துணிக்கடைக்குப் போவாள். பிறகு அவளைத் துடைப்பதும், துணி மாற்றுவதும், கஞ்சி கொடுப்பதும் நான்தான். அள்ளுவதும் நான்தான். ஏழு பேருக்கு அள்ளிய கை இது.

ஒரு நாள் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அங்கே வந்தாள். கூட இரண்டு பேர். மூவரும் ஊழியப் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்கியவர்கள். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை, செயலாளர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். தொடங்கியது ஆதாமில். நோவா பேழை செய்யும்போது படுத்திருந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, முட்டுதுக்கா."

"கொஞ்சம் பொறு பிள்ளே. இப்பத்தான் வெள்ளம் வருது."

"இஞ்சயும் வரப்போவுது யக்கா!"

ஜெபிக்கிறவரை இடையில் நிறுத்தக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். பாம்பே வந்தாலும் ஒரு கண்ணைத்தான் திறக்கலாம். நான் ஆபிரகாம் வரை பொறுத்தேன். செயலாளர் மூச்சு வாங்க ஒரு நொடி நின்றாள். நான் ஓங்கி "ஆமென்!" என்றேன். பழக்கதோஷத்தில் மற்ற இருவரும் "ஆமென்!" என்றார்கள். ஜெபம் முடிந்துவிட்டது. செயலாளர் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"வெளிய போங்கடீ, பாத்திரம் வைக்கணும்" என்று மூவரையும் முற்றத்துக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல பிள்ளை.

"அம்மா, பயிற்சி இல்லாம நோயாளி வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு கமிட்டியில முடிவு. பன்னிரண்டு வாரம் கிளாஸ் உண்டு. தினமும் காலைல எட்டு மணிக்கு."

"எட்டு மணிக்கு அவளுக்க துணி நனைஞ்சு கிடக்கும் ஐயா. கிளாஸை அங்கோட்டு வச்சா நானும் வாறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் செயலாளர் பின்னால் நின்றதால் அடக்கிக்கொண்டார். கிளாஸுக்குப் பதிலாக, அந்த வீட்டில் நான் செய்வதை எல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கமிட்டியில் வாசித்து முடிவு சொல்வார்களாம். அதுதான் இது.

எல்லாம் என்றால் ஒன்று பாக்கி இருக்கிறது. துடைத்துத் தலை சீவியதும் அவளுக்கு நெற்றியில் திருநீறு வேண்டும். கை மேலே எழும்பாது. நான்தான் தொட்டுப் பூசிவிடுகிறேன், தினமும். செயலாளர் இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்திருக்கும்.

பேத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மச்சி, இது வேண்டாம். வாசிச்சா சபையில உங்களுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் தரமாட்டாங்க."

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அறுபது வருடமாக நான் ஒரு திருவிருந்தும் விட்டதில்லை, பேறுகாலத்தில் தவிர. ஆனால் நாளை எட்டு மணிக்கும் அவள் நெற்றியைக் காட்டுவாள். நான் பூசத்தான் போகிறேன்.

"எழுது மக்கா. கர்த்தர் தினமும் பாத்துட்டுத்தான் இருக்காரு, ஒண்ணும் சொல்லல்ல. கமிட்டிக்கு மட்டும் எதுக்கு ஒளிக்கணும்?"

எழுதினாள்.

"இனி முதல்ல இருந்து வாசி, கேக்கட்டு. ஆமென் வாற இடத்துல நல்லா சத்தமா வாசிக்கணும், கேட்டியா?"