நான்கு இட்லிக்குப் பிறகு

எங்கள் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை. சுங்குவார்சத்திரம் டீக்கடையில் டீயும் பன்னும் முடித்து, சர்க்கரை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். ஒரகடம் போவதற்குள் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, வயிற்றைப் பிடித்தபடி கழிப்பறைக்கு ஓடுவார். ஷிஃப்டுக்குத் தாமதமாகிறது என்று புகார் போனது. இன்னொரு முறை நின்றால் வேறு ஆளைப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில், "மாத்திரைய நிறுத்திடப் போறேன் சார்," என்றார் என்னிடம்.

"எப்போ போடச் சொன்னாங்க?"

"சாப்ட்டப்புறம்னாரு டாக்டரு. பன்னு துன்னுட்டுதான் போடறேன்."

கடைக்கார அம்மா சிரித்தார். "யோவ் டிரைவரு, பன்னு சாப்பாடாய்யா? உன் கல்யாணத்துல பன்னா போட்டே? எனக்கும் அதே மாத்திரைதான். வயிறு காலியா இருந்தா பொரட்டி எடுத்துடும். நாலு இட்லி துன்னுட்டுப் போடு."

போய்க் கேட்டதற்கு டாக்டரும் அதையேதான் சொன்னாராம். இட்லிக்கு மாறியதுமே வயிறு அடங்கியது. பேருந்து வழியில் நிற்கவேயில்லை. ஆனால் நான் அந்த வேலையை விடும்வரை, அந்த பங்க் வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, கழிப்பறைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடந்தார்.