கஸ்பர் அண்ணையின் நாக்கும் பத்தாம் இலக்கக் கதவும்

பிரதமரின் நாற்காலி ஆடத் தொடங்கினால் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கமராக்காரர் கூடுவார்கள். ஈஸ்ட் ஹாமில் மீன் வாங்குகிறவர்கள் கூடுவார்கள். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் யுவனேஸ்வரனின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, முருங்கைக்காய்ப் பெட்டிகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால், கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் நீல ஏப்ரன் கட்டிய ஒரு மன்னார் மனிதர் மீன் வெட்டிக்கொண்டு நிற்பார். பெயர் கஸ்பர். பாரையோ விளையோ அறக்குளாவோ, எதுவென்றாலும் தலையை எடுத்துவிட்டு நிமிர்ந்து, "குழம்புக்கோ, பொரிக்கவோ?" என்று கேட்பார். வேலை நேரத்தில் அவர் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். அடக்கமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. பயந்தவர்.

கஸ்பர் அண்ணைக்குக் கரிநாக்கு.

ஊர்க் கரிநாக்கை எல்லோருக்கும் தெரியும். கெட்டதைச் சொன்னால் பலித்துவிடும். கஸ்பர் அண்ணையுடையது லண்டனுக்கு வந்து மாறிப்போன நாக்கு. அது கெட்டதைச் சொன்னால் கெட்டது நடக்காது. நல்லதைச் சொன்னால் கவிழும். நாக்கு நுனியில் கடுகளவு கறுப்புப் புள்ளி உண்மையாகவே இருக்கிறது. அது வெறும் மச்சம் என்று பல் டொக்டர் சொன்னார். பல் டொக்டருக்கு அரசியல் தெரியாது என்று கடையில் தீர்ப்பாகிவிட்டது.

சாட்சி இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் சில வருடங்களாகப் பிரதமர்கள் அறை வாடகைக்கு இருக்கிறவர்கள் மாதிரி வந்து போகிறார்கள். பெரிய வெற்றியோடு வந்த ஒருவரைப் பார்த்து, இவரைப் பத்து வருசத்துக்கு அசைக்க ஏலாது என்றார் கஸ்பர் அண்ணை. அசைத்தார்கள். பிறகு ஓர் அம்மையார் வந்தார். கெட்டிக்காரி, நிண்டு பிடிப்பா என்றார். சலாது இலை வாட முதல் அம்மையார் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவரை "நிதானமான பிள்ளை" என்று மட்டும், அதுவும் இருமலோடு கலந்து, சொன்னார். அந்தப் பிள்ளை கொட்டும் மழைக்குள் நனைந்துகொண்டு தேர்தலை அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனது.

இதெல்லாம் மூட நம்பிக்கை, விசுவாசிகளுக்கு அழகில்லை என்று பங்குத் தந்தை ஒரு ஞாயிறு பிரசங்கமே வைத்தார். அடுத்த கிழமை கோயில் கூரைத் திருத்த நிதிக்கு இராப்போசன விழா. பூசை முடிந்ததும் தந்தை கஸ்பர் அண்ணையை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், விழாவைப் பற்றி நீர் நல்லதாக ஒண்டும் சொல்லிப்போடாதையும் என்று மெல்லமாகக் கேட்டுக்கொண்டாராம்.

கஸ்பர் அண்ணையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மகள் டயனா முதல்முறை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போன நாள்வரை. அன்று வாசலில் நின்று, "நீ கட்டாயம் பாஸ், மகள்" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பினார். டயனா முதல் ரவுண்டபவுட்டிலேயே பெயில். அன்றைக்குப் பூட்டிய வாய். இரண்டாம்முறை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்போதும் பெயில். வாயை மூடிக்கொண்டிருந்தும் பிள்ளை பெயில்தானே, பிறகென்ன நாக்கும் மூக்கும் என்று மனைவி பியற்றிஸ் கேட்டார். வாயால் சொல்லவில்லை, மனதுக்குள் நினைத்துவிட்டேன் என்றார் கஸ்பர் அண்ணை. இப்படிப்பட்ட ஆளோடு வாதாட பிரிவி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

டயனா தாதி. ஆஸ்பத்திரி வார்டை விட்டு, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் வேலைக்கு எழுதிப் போட்டு, நேர்முகத்திலும் தேறிவிட்டாள். கார் லைசன்ஸ் கையில் இருந்தால்தான் அந்த வேலை. மாத முடிவுவரை இடத்தைப் பிடித்துவைத்திருப்பார்கள், பிறகு வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்றாவது டெஸ்ட்டுக்குத் தேதி கிடைத்தது ஒரு புதன்கிழமைக்கு.

அந்தக் கிழமைதான் நாடு கொதித்தது. ஆளும் கட்சிக்குள் குத்துவெட்டு. திங்கட்கிழமை ஓர் அமைச்சர் விலகினார். செவ்வாய்க்கிழமை விடிய இன்னும் இரண்டு பேர். பஸ்ஸிலும் சலூனிலும் கோயில் வாசலிலும் ஒரே பேச்சு: போவாரா, மாட்டாரா, போனால் யார் வருவார். யுவனேஸ்வரன் கையடக்கத் தொலைபேசியை மீன் தராசில் சாய்த்து வைத்து நேரலைச் செய்தியைப் போட்டுவிட்டார். செய்தி பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டு அரைக் கிலோ சூடை மீனாவது வாங்கினார்கள். யுவனேஸ்வரன் சில்லறை கொட்டுவது போலப் பேசுகிறவர். அந்தக் கிழமை தாள்காசு எண்ணுவது போல மெல்லப் பேசினார்.

கண்ணாடித் தட்டுக்கு முன்னால் இரண்டு கட்சி உண்டானது. ஒன்றுக்குத் தலைவர் கிருஷ்ணராசா. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆளும் கட்சிக்கு வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போடுகிறவர். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரல் அவருக்கு; விலை கேட்டாலே துக்கமாக இருக்கும். அவர் கண்ணாடிக்கு மேலால் குனிந்து சொன்னார்:

"கஸ்பர், இந்தக் கிழமை நீர் வாயே திறக்க வேண்டாம். நாட்டுக்காகக் கேக்கிறன்."

மற்றக் கட்சி வான்மதி. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். பிரதமரின் முகம் வந்தாலே டீவியை அணைத்துவிடுகிற ஆள்.

"அங்கிள், ஒரே ஒரு வார்த்த லா. 'நல்லவரு'ன்னு சொல்லுங்க போதும். மிச்சத்த நாக்கு பார்த்துக்கும்."

கஸ்பர் அண்ணை இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். குழம்புக்கோ, பொரிக்கவோ.

செவ்வாய் பின்னேரம் செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் கஸ்பர் அண்ணையின் வீட்டில் மூவரும் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பியற்றிஸ் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர் வாழ்த்து அனுப்பியாயிற்று. வார்டில் படுத்திருக்கிற கிழவர்கூட வாழ்த்திவிட்டாராம். கஸ்பர் அண்ணை முள்ளெடுத்த ஒரு துண்டு மீனை மகளின் சாப்பாட்டுக் கோப்பைக்குத் தள்ளினார். அவருக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அது.

டயனா அதைத் திருப்பித் தள்ளினாள். "மீன் வேண்டாம், அப்பா. ஒரு வசனம் வேணும். யார் யாரோ பிரைம் மினிஸ்டருக்கெல்லாம் நல்லாச் சொன்னனீங்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

கஸ்பர் அண்ணை குழம்பைப் புட்டில் ஊற்றிப் பிசைந்தார். பயம் என்று சொல்ல வெட்கம். வெட்கம் என்று சொல்லவும் பயம். டயனா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய், தன் அறைக் கதவை மெல்லச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் கஸ்பர் அண்ணை நித்திரை கொண்டிருப்பார்.

மறுநாள் காலை பிரதமர் வெளியே வந்து பேசப்போகிறார் என்று செய்தி. கடைக்குள் நிற்க இடமில்லை. கஸ்பர் அண்ணை ஒரு பாரையை வெட்டி முடித்தார், கத்தியைக் கீழே வைத்தார். வரிசை நிற்கும்போது அவர் கத்தியைக் கீழே வைத்து யாரும் கண்டதில்லை. கையை ஏப்ரனில் துடைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ," என்றார். "பிரதமர் நல்ல மனுசன். அவர் போகமாட்டார்."

வான்மதி கை தட்டி, சந்தோசத்தில் வேண்டாத கணவாயும் ஒரு கிலோ சொல்லிவிட்டார். கிருஷ்ணராசா அரிசி மூட்டையில் சாய்ந்து, தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே கேட்டவர் போல நின்றார். நாட்டை விற்றுப்போட்டீரே என்று ஈனக் குரலில் கேட்டார்.

அப்போதுதான் கஸ்பர் அண்ணை காரணத்தைச் சொன்னார். மகளுக்கு இன்றைக்கு டெஸ்ட். ஒரு நல்ல சொல் கேட்டாள், கொடுக்க முடியவில்லை. அதனால் நாக்கைப் பரிசோதிக்கிறார். பிரதமர் நின்றுவிட்டால் நாக்கு சுத்தம். பிள்ளையைத் துணிந்து வாழ்த்தலாம். போனால், இனிச் சாகும்வரை வாய் திறப்பதில்லை.

வான்மதியின் முகம் மாறிவிட்டது. அவர் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு ஷிப்டில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் டயனா.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா அங்கிள்? இப்ப நான் அந்த ஆளு இருக்கணும்னு வேண்டிக்கணுமா?"

வேண்டினார். எல்லோரும் வேண்டினார்கள். நேற்றுவரை அந்த மனிதரைப் பேசாத பேச்செல்லாம் பேசியவர்கள், இன்று ஒரு நாள் மட்டும் நின்றுவிடு ராசா என்று தராசைப் பார்த்துக் கெஞ்சினார்கள்.

பிரதமர் குடியிருக்கிற பத்தாம் இலக்க வீட்டின் கதவுக்கு முன்னால் இரண்டு பேர் பேச்சுமேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். கடையில் ஒரு முனகல் எழுந்தது. மேசை வந்தால் ஆள் போகிறார் என்பது இந்த நாட்டில் நேசரிப் பிள்ளைக்கும் தெரியும். பிரதமர் வந்தார். நன்றி சொன்னார், குடும்பத்தைச் சொன்னார், நாட்டைச் சொன்னார். குளிர்பெட்டியின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. யுவனேஸ்வரன் குளிர்பெட்டியையே நிறுத்திவிட்டார். கடைசியில் பிரதமர் சொன்னது தெளிவாகக் கேட்டது. கட்சி புதிய தலைவரைத் தெரிவு செய்யட்டும். அதுவரை நான் இந்தப் பதவியில் தொடர்வேன். திரும்பினார். கதவு திறந்தது, மூடியது.

"போயிட்டாரு," என்றார் வான்மதி, அழாத குறையாக.

கிருஷ்ணராசா அரிசி மூட்டையிலிருந்து எழும்பினார். "எங்க போனவர்? எல்லாரும் பாத்தனீங்கள்தானே. உள்ளுக்கல்லோ போனவர்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பாராளுமன்றத்தில் கண்டிருந்தால் சபாநாயகர் எழுந்து போயிருப்பார். விலகுகிறேன் என்பதுதான் அர்த்தம் என்றது ஒரு பக்கம். கஸ்பர் சொன்னது 'போகமாட்டார்' என்றுதான், ஆள் உள்ளேதான் இருக்கிறார், தேநீர்கூட ஊற்றியிருப்பார் என்றது மறுபக்கம். வேடிக்கை என்னவென்றால், அவர் போக வேண்டும் என்று நின்றவர்களில் பலர் இப்போது போகவில்லை என்றார்கள். யுவனேஸ்வரன் கை உயர்த்தச் சொன்னார். ஒருவர் இரண்டு தரமும் உயர்த்தினார். அவருக்கு அவசரமாக நண்டு வேண்டியிருந்தது. முடிவு சமம்.

கஸ்பர் அண்ணையின் ஏப்ரன் பைக்குள் போன் அடித்தது. டயனா.

"அப்பா, உள்ள போகப்போறன். போனை நிப்பாட்டச் சொல்லுகினம். சும்மாதான் எடுத்தனான்."

சும்மா இல்லை என்று கடை முழுக்கத் தெரிந்தது. கிருஷ்ணராசா கண்ணாடிக்கு மேலால் எட்டி, 'பெயில்' எண்டு சொல்லும், உம்மட நாக்குக்கு அதுதான் பாஸ் என்று காதுக்குள் ஓதினார். நல்ல யோசனைதான். கணக்குப்படி பிசகே இல்லை. கஸ்பர் அண்ணை அவரை, கெட்டுப்போன மீனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"நீ பாஸ் பண்ணுவாய், மகள்," என்றார். குரல் உடைந்தது. அதனால் இன்னொருமுறை உரத்துச் சொன்னார். "கேட்டதோ? நீ நல்லா ஓடுவாய். பாஸ் பண்ணுவாய்."

அந்தப் பக்கத்தில் "ஓம் அப்பா" என்று ஒரு சின்னக் குரல். போன் நின்றது.

அதற்குப் பிறகு அடுத்த பிரதமர் யார் என்று நாட்டிலேயே கவலைப்படாத ஒரே கடை அதுதான். தராசில் சாய்ந்திருந்த போன் போட்டிக்கு வரக்கூடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, யாரும் கேட்கவில்லை. மீன் வாங்கியவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. கஸ்பர் அண்ணை குழம்புக்குக் கேட்டவருக்குப் பொரிக்க வெட்டினார், பொரிக்கக் கேட்டவருக்குக் கொத்தினார். எவரும் குறை சொல்லவில்லை. வான்மதியின் கணவாய் கழுவாமலே பைக்குள் போனது.

முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் முதலில் பியற்றிஸின் செபமாலை தெரிந்தது, பிறகு பியற்றிஸ், பிறகு டயனா. டயனா கட்டைவிரலை உயர்த்தினாள். கடை எழுப்பிய சத்தத்தில் வெளியே நின்ற கீரை விற்கிறவர் பிரதமர் ஒரேயடியாகப் போய்விட்டார் என்றே நினைத்தாராம்.

கண்ணாடித் தட்டைச் சுற்றி வர நேரமில்லாமல் கஸ்பர் அண்ணை மேலாலேயே மகளைக் கட்டிப்பிடித்தார். டயனாவின் கோட்டெல்லாம் செதில். சின்னப் பிழைகள் கொஞ்சம் இருந்தனவாம், அதில் அதிகம் தயங்கித் தயங்கி நின்றதற்குத்தானாம் என்று அவள் சொன்னாள்.

"தயக்கம் தகப்பன்ர," என்றார் பியற்றிஸ். "மிச்சம் என்ர."

கடையில் உடனே புதுக் கலக்கம். நாக்கு சுத்தம் என்றால், இனி அது சொல்லுகிற நல்லதெல்லாம் பலிக்குமோ? கிருஷ்ணராசா துக்கக் குரலை மாற்றி, கலியாண அறிவித்தல் வாசிக்கிற குரலில் வந்தார். தலைமைப் போட்டியில் தன்னுடைய ஆளைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லும்படி கேட்டார். வான்மதியும் முந்திக்கொண்டு தனக்குப் பிடித்த ஆளின் பெயரைச் சொன்னார்.

கஸ்பர் அண்ணைக்கு அன்றைக்கு வாய் நிற்கவில்லை. இத்தனை வருடமாக அடக்கிவைத்த வாய்.

"உங்கட ஆள்தான் வெல்லுவார், அண்ணை," என்றார் கிருஷ்ணராசாவிடம். வான்மதியிடம் திரும்பி, "உங்கட ஆளும் வெல்லுவா, தங்கச்சி" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, தங்கள் ஆளை நினைத்துக் கவலையோடு வெளியேறினார்கள். வரிசையில் அடுத்து நின்றவர் முன்னால் வந்தார்.

"குழம்புக்கோ, பொரிக்கவோ?" என்றார் கஸ்பர் அண்ணை. "எப்பிடிச் சமைச்சாலும் நல்லா வரும்."

அந்த மனிதர் மீனைத் திருப்பி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.