இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

மும்பை லோக்கல் ரயிலில் பைகள் தனியாகப் பயணம் செய்யும். செம்பூரில் ஏறுகிறீர்கள். வாசலிலிருந்து ஜன்னல் வரை மனிதச் சுவர். பையை முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே நீட்டினால் போதும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்தவரிடம் தருவார். அவர் அதற்கு அடுத்தவரிடம். கடைசியில் ஜன்னலோரத்துக்காரர் அதை மேலே கம்பித் தட்டில் வைப்பார். இறங்கும்போது வந்த வழியிலேயே பை திரும்பி வரும். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாஷி வரை நின்றிருக்கிறேன், அதற்குள் ஏதோ புதையல் இருப்பதுபோல. இருந்தது எலுமிச்சைச் சாதம். சாத்தான்குளம் பஸ்ஸில் தெரியாதவர் மடியில் பையை வைக்க வேண்டுமென்றால் நீங்கள் எந்த ஊர், யார் மகன், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற விசாரணை முடிய வேண்டும். இங்கே பைக்குப் பூர்வீகம் தேவையில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், இருபத்தைந்து வருஷமாக நான் சோறு தின்பது இப்படிப் பை கைமாறுகிற ஒரு வேலையைப் பற்றி எழுதித்தான். கம்ப்யூட்டரில் பிராசஸர் என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். நினைவகத்திலிருந்து ஒரு மூட்டைத் தகவலை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவர் கையை அழுக்காக்கிக்கொள்ள மாட்டார். அதற்கென்று டிஎம்ஏ கன்ட்ரோலர் என்ற சிறிய சுமைகூலி இருக்கிறது. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிட்டால் அது சுமந்து இறக்கிவிட்டு, முடிந்தது என்று ஒரு மணி அடிக்கும். அந்த மணிக்கு இன்டரப்ட் என்று பெயர். கோபர்கைரனேயில் எங்கள் சின்னக் கம்பெனியில் என் வேலை, அந்தச் சுமைகூலி எப்படிப்பட்டது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எழுத்தில் சொல்வது. எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை பாதைகள், எத்தனை மணிகள். கல்யாண வீடுகளில் கேட்பவர்களிடம் ‘கம்ப்யூட்டருக்கு பயோடேட்டா எழுதுகிறேன்’ என்பேன். என் மனைவியின் சொந்தக்காரர்கள் நான் ஏதோ ஜெராக்ஸ் கடையில் இருப்பதாக நம்பி, கரிசனத்தோடு நடத்துகிறார்கள்.

முன்பெல்லாம் இந்த பயோடேட்டா எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள் வெறும் உரைநடையில் இருந்தன. மனிதன் எழுதுவான், மனிதன் படிப்பான், ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வான். எங்கள் ஊர் விஏஓவின் பதிவேடு மாதிரி. அதில் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் வீட்டுக்கு நேரே அதில் ‘முன்புறம் தையல் கடை, பின்புறம் குடியிருப்பு, நடுவில் பங்காளித் தகராறு’ என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேண்டியவனுக்கு ஒரு மாதிரி, வேண்டாதவனுக்கு ஒரு மாதிரி எழுதுவதற்கும் அதே கட்டம்தான் வசதியாக இருந்தது. அதனால் உரைநடை விதிகளையெல்லாம் ஸ்கீமாவாக மாற்ற வேண்டும் என்று எங்கள் உலகத்தில் முடிவானபோது முதலில் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன். ஸ்கீமா என்பது மிஷின் படிக்கும் விதி. இது கட்டாயம், இது இருக்கலாம், இது எட்டுக்கு மேல் போகக் கூடாது, சொல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது. பயோடேட்டாவை அதில் ஓட்டினால் தப்பு இருக்கிற வரியை மிஷினே காட்டிக்கொடுக்கும். குறிப்புக் கட்டத்தை ஒழித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தேன்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. இருப்பதை விவரி. அதை வைத்து நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்பதை விவரிக்காதே. கல்லில் என்ன செதுக்கியிருக்கிறதோ அதை எழுது. இந்த வாக்கை நான் தாராவிக்குக் கொண்டுபோனதில்தான் வினை.

செல்வராஜ் என் மனைவியின் தம்பி. தாராவியில் கீழே பெல்ட் பட்டறை, மேலே வீடு. அவன், அவன் மனைவி ரோஸ்லின், இரண்டு பெண்பிள்ளைகள். அந்தச் சந்து முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள், அதற்கு முன் யார் யாருக்கு எது பாத்தியம் என்று பதிய ஆள் வருகிறார்கள் என்று சேதி. அவன் போன் செய்தான்.

“அத்தான், ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேரா இங்க வந்திருங்க. சர்வேக்கு வாராங்களாம். நீங்கதான ஃபாரம் எழுதுத ஆளு.”

முதல்முறையாக என் மனைவி வீட்டில் என் தொழிலுக்கு ஒரு மரியாதை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

சந்தே அன்றைக்கு நாடக மேடையாக இருந்தது. ஒரு மிஷின் ஓடவில்லை. எல்லா வாசலிலும் கோலம். பட்டறைகளில் பாய் விரித்து, தலையணை போட்டு, மத்தியானமே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லினும் துளை போடும் பிரஸ் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, அதன்மேல் மாதா படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள்.

“இது என்னம்மா?” என்றேன்.

“பீடம்ணே.”

“பக்கத்து வீட்டுக்காரன் லேத்துக்குச் சேலையே கட்டிட்டான் அத்தான்,” என்றான் செல்வராஜ். “தூரத்துல பாத்தா அவங்க அம்மா ஒக்காந்திருக்க மாதிரியே இருக்கு.”

நான் சிரிக்கவில்லை. நிபுணன் அல்லவா. பெட்ஷீட்டை எடுக்கச் சொன்னேன். “இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லு. கீழ பட்டறை, மேல வீடு. மறைச்சு எழுதுனா என்னைக்காவது ஒரு நாள் மாட்டும்.”

“அண்ணே, மிஷினப் பாத்தா வீடு தர மாட்டாங்களாம். ஊரே மறைக்குது,” என்றாள் ரோஸ்லின்.

“ஊரு தப்பு பண்ணுனா நாமளும் பண்ணணுமா?”

இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு அடிக்கத் தோன்றுகிறது.

கையில் டேப்லெட்டோடு ஒரு பெண்மணி வந்தார். மராட்டியர், களைத்த முகம், மரியாதையான பேச்சு. கீழே பார்த்தார், மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டேப்லெட்டில் இரண்டு வட்டங்கள். குடியிருப்பு, வணிகம். ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணைந்துவிடும். இருபத்தைந்து வருஷ இந்தியையும் திரட்டி நான் விளக்கினேன். “ஊபர் கர், நீச்சே காம். தோனோ ஹை, மேடம்.” மேலே வீடு, கீழே தொழில், இரண்டும்தான்.

“தோ மாலிக் ஹை க்யா?” என்றார். இரண்டு உரிமையாளர்களா?

“நஹி, நஹி. ஏக் மாலிக்.” நேர்மையாளன் என்ற நிமிர்வோடு சொன்னேன்.

“ஏக் மாலிக், தோ ஏக் ஹி லிக்கூங்கி.” ஆள் ஒருவர் என்றால் பதிவும் ஒன்றுதான். கண் முன்னால் பிரஸ் பளபளவென்று நின்றது. வணிகத்தைத் தொட்டார். குடியிருப்பு அணைந்தது.

இந்த ஃபாரத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். சிஸ்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர்கூடக் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே சேலை கட்டிய லேத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் ஆபீசில் எனக்கு ஒரு மெயில். நான் எழுதிய ஸ்கீமாவை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம், அதுதான் அங்கே வழக்கம். எட்டுப் பாதைகள் உள்ள ஒரு டிஎம்ஏ கன்ட்ரோலருக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மணி, அல்லது பாதைக்கு ஒன்றாக எட்டு மணி, இரண்டில் ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன். எங்கோ குளிர்தேசத்தில் ஒருவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சில்லில் பாதைக்கு ஒரு மணியும் இருந்தது, கோளாறு வந்தால் அடிக்கப் பொதுவாக இன்னொன்றும் இருந்தது. என் விதி அவருடைய பயோடேட்டாவைத் தப்பு என்று தள்ளிவிட்டது. சில்லைத் தப்பாகச் செய்திருக்கிறீர்கள் என்கிற தோரணையில் அவருக்குப் பதில் எழுதினேன். மேலே இருக்கும் பரிசீலகர் எனக்கு ஒரு வரி அனுப்பினார். அந்தச் சில்லு இருக்கிறது, வேலையும் செய்கிறது, உன் ஸ்கீமாதான் தப்பு, திருத்து. காதெல்லாம் சூடாகிவிட்டது. டீ குடித்தேன். பிறகு, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று மூன்றாவது வழி ஒன்றைச் சேர்த்தேன். இரண்டே வரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தாராவியில் பட்டியல் ஒட்டினார்கள். செல்வராஜ் பெயருக்கு நேரே வணிகம் மட்டும். வணிகம் மட்டும் உள்ளவர்களுக்குக் கட்டிடத்தில் கடை உண்டு, வீடு கிடையாது. பட்டியலைப் படித்துவிட்டு அவன் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான்.

“லேத்துக்கு வீடு கெடச்சிட்டு அத்தான். எனக்குத்தான் கெடைக்கல.”

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், மும்பையில் பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கேளுங்கள். நகக்கண் அளவு சில்லு, அதற்கு ஒரு மணி கூடுதலாக இருக்கிறது. அதற்காக உலகமே விதியைத் திருத்துகிறது. நாலு பேர் படுத்து எழும்பும் வீடு, பிள்ளைகள் மேலே உட்கார்ந்து படிக்கிற படிப்பு, கீழே தகப்பன் தட்டுகிற தட்டு, இவையெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே விதி சரி, வீடுதான் தப்பு. நாங்கள் எழுதும் ஸ்கீமா ஒவ்வொன்றிலும் இதைப் பராமரிப்பவர் யார் என்று ஒரு மனிதனின் பெயரும் மெயில் முகவரியும் இருந்தாக வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் ஸ்கீமாவே செல்லாது. என் பெயர் அப்படி நாலைந்து இடங்களில் இருக்கிறது, எவனோ ஒருவன் எப்போது வேண்டுமானாலும் என்னை வைது எழுதலாம். தாராவியை அளக்க வந்த ஃபாரத்தில் அந்த வரியைத் தேடித் தேடிப் பார்த்தேன். வைவதற்குக்கூட ஒரு பெயர் இல்லை. குறிப்புக் கட்டமும் இல்லை. அதை ஒழித்தபோது எந்தச் சந்தில் யார் தலையில் விழும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கவுன்ட்டர் உண்டு என்றார்கள். லீவு போட்டுவிட்டு செல்வராஜ், ரோஸ்லின் இரண்டு பேரோடும் போனேன். மூன்று மணி நேர வரிசை. கொடுத்த ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் இரண்டு கட்டம். குடியிருப்பு, வணிகம். இரண்டையும் டிக் அடித்து நீட்டினேன். உள்ளே இருந்தவர் அதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபாரம் ஒன்றை எடுத்து வைத்தார். நான் பேச வாயெடுத்தபோது ரோஸ்லின் என் கையைத் தட்டினாள்.

“அண்ணே, இன்னொரு ஃபாரம் வாங்குங்க. ஒண்ணுல இவுக எழுதட்டும், கீழ பட்டறைன்னு. இன்னொண்ணுல நான் எழுதுதேன், மேல குடியிருக்கேன்னு.”

“ஒரே ஆளுக்கு ரெண்டு ஃபாரம் எடுக்க மாட்டாங்களேம்மா.”

“ஒரே ஆளுன்னு யாரு சொன்னா? அவுக வேற, நான் வேற. எனக்கும் இந்தப் பட்டறைக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“இருவது வருசமா இதத்தான் சொல்லிட்டு இருக்கா அத்தான்,” என்றான் செல்வராஜ். “இப்பத்தான் ஃபாரத்துல வருது.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பேனாவைத் திறந்து எழுதினேன். இருப்பதை விவரி என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் கையெழுத்தில் இரண்டு ஃபாரங்கள். இரண்டிலும் தனித்தனியாக ஒரு வரிகூடப் பொய் இல்லை. சேர்த்துப் படித்தால்தான் பொய். ரோஸ்லினுடையதில் ‘கணவர் பெயர்’ என்ற கட்டம் வந்தபோது நிறுத்தினேன். அவள் வெளியே பார்த்தபடியே, “கோடு போடுங்கண்ணே” என்றாள். செல்வராஜ் பக்கத்தில் நின்று நான் கோடு போடுவதைப் பார்த்தான்.

இரண்டு ஃபாரமும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. விண்ணப்பதாரர் அவரவர் இடத்தில் நிற்கும் படம் ஒவ்வொன்று வேண்டும் என்றார்கள். தாராவிக்குத் திரும்பினோம். செல்வராஜைப் பட்டறை வாசலில் நிறுத்தி எடுத்துவிட்டேன். ரோஸ்லின் மேலே வாசலில் நின்றாள். சந்து அகலம் இரண்டு கை. பின்னால் நகர்ந்து எடுக்க இடமில்லை. வெளியே சாத்தியிருந்த இரும்பு ஏணியில் பாதி ஏறி, மேலுமில்லாமல் கீழுமில்லாமல் தொங்கிக்கொண்டு போனை நீட்டினேன். ஐம்பது வயதுத் தொப்பை, ஏணி ஆடியது. கீழே செல்வராஜ் ஓடிவந்து, ஏணி வழுக்காமல் இருக்க மேல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டான். படத்தின் அடியில் அவனுடைய கை தெரிந்தது, கல்யாண மோதிரத்தோடு.

“கைய எடுடே, படத்துல விழுது.”

“எடுத்தா நீங்க விழுவீங்க அத்தான்.”

ஏழெட்டுத் தடவை எடுத்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கை இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டோம்.