அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள்

போன சனிக்கிழமை மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய பாரோயில் ஒரு மலிவுக் கடைக்கு பல்பு வாங்கப் போனேன். பல்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவதுதான் அந்தக் கடைகளுக்கும் எனக்கும் உள்ள பந்தம். கூடையில் அதற்குள் மூன்று பிளாஸ்டிக் டப்பா, ஒரு பூட்டு, எங்கள் வீட்டில் இல்லாத பூனைக்கு ஒரு சோற்றுத் தட்டு எல்லாம் ஏறிவிட்டன. மகள் கைப்பேசியைப் பார்த்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். கடைசி வரிசைக்குத் திரும்பியபோது அந்த வாசனை அடித்தது. புதுப் பிளாஸ்டிக் உறையும் அந்துருண்டையும் கலந்து மூக்கைக் கரிக்கிற வாசனை. நிமிர்ந்து பார்த்தால் கம்பளிப் போர்வை. அதன்மேல் வாயைப் பிளந்த ஒரு புலி. புலிக்குக் கீழே அட்டையில் பழைய விலை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் பாதி விலை.

கோட்டைப் பார்த்ததும் எனக்கு விரல் குறுகுறுத்தது. ஒரு காலத்தில் அந்தக் கோடு போடுவதுதான் எனக்கு உத்தியோகம். சிரிக்காதீர்கள், சம்பளம் கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் அம்மாவைச் சொல்லவேண்டும். ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவும் வெட்டு வேலை அம்மாவுக்கு. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் ஏட்டில் அவர் பெயர் வெறும் பார்வதி. நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதிவெலை பார்வதி. துணிக்காரர் ஒரு விலை சொன்னால், அது என்ன விலை என்று காதில் விழுவதற்கு முன்பே "அதுல பாதி" என்பார். விலை கேட்பது வியாபாரிக்குச் செய்யும் மரியாதை, கொடுப்பது வேறு விஷயம் என்பது அவர் கொள்கை. எங்கள் லயத்தில் சாமி கும்பிடத் தெரியாதவர்கள்கூட இருந்தார்கள், அம்மாவைக் கேட்காமல் சட்டி வாங்கியவர்கள் கிடையாது.

மாதாமாதம் சம்பளம் போடும் நாளில் ஆபீசுக்கு எதிர்த் திடலில் சந்தை கூடிவிடும். கணக்கெழுதும் கிராணி கையால் சம்பளத்தை வாங்கி இடுப்பில் செருகி நிமிர்ந்தால் கண்ணெதிரே சீலைத் துணி தொங்கும். எங்கள் சம்பளம் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பதில் அந்த வியாபாரிகளுக்கு அவ்வளவு அக்கறை. அவர்களில் எங்களுக்கு நெருக்கமானவர் சிரம்பானிலிருந்து வேனில் வரும் துணிக்கார பாய். அம்மாவை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி என்பதற்காக ஒரு காசு குறைத்ததில்லை.

பேரத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அம்மா துணியைக் கசக்கி, மோந்து, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கி எல்லாம் முடித்த பிறகு என் பக்கம் லேசாகத் திரும்புவார். உடனே நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்து அழுகிற குரலில் சொல்லவேண்டும்.

"யம்மா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டியே!"

"அடடே, ஆமாடி!" என்று அம்மா துணியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார். ஓடக் கூடாது. பால் பொங்குகிறது என்று பதறியவர், ஊர்வலத்தில் போகிற சாமி மாதிரிதான் நடப்பார். மொத்தம் பத்து அடி. பத்தடிக்குள் வியாபாரி கூப்பிட்டால் வெற்றி. பெரும்பாலும் ஏழாவது அடியில் பாய் கூப்பிட்டுவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் வீட்டில் பொங்குவதற்குப் பால் கிடையாது. எங்களுக்குப் பால் என்றால் டின்னில் வரும் இனிப்புப் பால்தான். கரண்டியால் வழித்துத் தேத்தண்ணியில் போடவேண்டிய அந்தப் பால் பொங்கிய சரித்திரம் இல்லை. இது பாய்க்கும் தெரியும். ஒருமுறை அம்மா வெகுநேரம் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவரே குனிந்து என்னிடம், "என்ன பாப்பா, இன்னிக்கி இன்னும் பால் பொங்கலியா? எனக்கு வேற எஸ்டேட்டுக்குப் போவணும்லா" என்றார். எனக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. அம்மாவுக்கு வெட்கமெல்லாம் இல்லை, அன்றைக்கு இன்னும் ஒரு வெள்ளி குறைத்தார்.

ஒரே ஒரு தடவை யாரும் கூப்பிடவில்லை. அவர் பாத்திரக்காரர், தோட்டத்துக்குப் புதுசு. பத்தடி நடந்தோம், இருபது நடந்தோம், தண்ணிக் குழாய்வரைக்கும் வந்துவிட்டோம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டினார். டின் பாலை வழித்துத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"ஊருக்கு முன்னால பால் வச்சிருக்குன்னு சொல்லிட்டோம். பொய்யாயிறக் கூடாதுல்ல."

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலைக்குப் போன இடம் சிரம்பானில் மூன்று மாடி மலிவு விற்பனைக் கடை. அப்பாவுக்கு முதுகு போய் வெட்டு வேலையை விட்டிருந்த நேரம் அது. என் சம்பளத்தில்தான் வீட்டுக்கு அரிசி வந்தது. மேனேஜர் தமிழர், போர்டிக்சன் பக்கத்து ஆள், வெயிலிலும் டை கட்டியிருப்பார். நானும் தமிழ்ப் பிள்ளை என்பதால் தனிச் சலுகை காட்டினார். அதாவது, மற்றவர்களை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை ஏழுவரை நிறுத்திவைப்பார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் புலிப் போர்வைகள் கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடைக்குள் வந்து இறங்கின. முப்பது வெள்ளிக்கு ஒரு மாதமாக விற்காமல் கிடங்கில் தூங்கிய சரக்கு. விற்காததில் ஆச்சரியம் இல்லை. வேர்வைத் துண்டு தேவைப்படுகிற நெகிரி செம்பிலானில் இமயமலைக்கு ஆகிற போர்வையை யார் வாங்குவார்? மேனேஜர் விலை ஒட்டும் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "மொதல்ல எழுபதுன்னு ஒட்டு. அப்புறம் செவப்பு பேனாவால கோடு போட்டு முப்பத்தஞ்சுன்னு எழுது. பாதி வெலை, என்ன?" என்றார்.

"சார், நேத்து முப்பதுதானே?"

"நேத்து தீபாவளி சேல் இல்லயே லா."

நான் ஒட்டினேன். ஸ்கேல் வைத்து நேராகக் கோடும் போட்டேன். திருட்டு வேலையாக இருந்தாலும் கோணலாகச் செய்யக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு வாசலில் எங்கள் தோட்டத்து லோரி வந்து நின்றது. அதிலிருந்து இருபது பெண்கள் இறங்கினார்கள், முன்னால் அம்மா.  வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, லயம் முழுக்க ஒரு வாரமாகப் பிரசாரம் நடந்திருக்கிறது. "எம்மவ வேலை செய்யுற கடை. அங்க எவன் நம்மள ஏமாத்துவான்?" தீபாவளி போனஸ் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையை நம்பி லோரி ஏறி வந்திருந்தது.

அம்மா நேராகப் போர்வையிடம்தான் போனார். பிரித்தார், கசக்கினார், மோந்தார். புலியின் கண்ணைக்கூட நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுபதின் மேல் நான் போட்ட கோட்டை விரலால் தடவி, "பாத்தியா அஞ்சல, கேக்காமலே பாதி!" என்று பக்கத்து வீட்டு அஞ்சலையக்காவிடம் சொன்னார். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் வாதாடி வாங்கிய பாதி விலை, அன்றைக்குத் தானாகவே வந்து வணக்கம் சொல்லியிருக்கிறது! ஆளுக்கொரு புலியைத் தூக்கிவிட்டார்கள். அம்மா என்னிடம் வந்தார்.

"நல்ல வெலைதானம்மா?"

எனக்கு ஒரு முழம் தள்ளி மேனேஜர் நிற்கிறார். ஆமாம் என்றால், இருபது பேரை என் கையாலேயே ஏமாற்றுகிறேன், அதுவும் அம்மாவை முன்னால் நிறுத்திவைத்து. இல்லை என்றால் வேலை போகும், அரிசி போகும்.  அப்புறம் என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். பழக்கத்தில் வந்தது.

"யம்மா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டியே."

அம்மா என்னையே பார்த்தார். முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்துபோனதைப் பார்த்தேன். இருபது பேர் நடுவில் தான் ஏமாந்து நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது.  பிறகு போர்வையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அடடே, ஆமாடி!"

அந்தப் பாலின் கதை தெரியாத ஆள் எங்கள் லயத்தில் உண்டா? "ஐயையோ, நானும் வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் அஞ்சலையக்கா. "எங்கூட்லயும் பொங்கும்" என்றது இன்னொரு குரல். ஒரே நேரத்தில் இருபது வீட்டில் பால் பொங்கியது. இருபது புலிகளும் தட்டுக்குத் திரும்பின. மேனேஜர் திருதிருவென்று விழித்தார். பெண்கள் வரிசையாக, மெதுவாக, வாசலை நோக்கி நடந்தார்கள். நான் மனசுக்குள் அடிகளை எண்ணினேன். ஒன்பதாவது அடியில் அம்மாவின் கால் வாசற்படியைத் தொட்டது.

"அக்கா! நில்லுங்க அக்கா! இருவத்தஞ்சு போட்டுத் தரேன்!"

அம்மா திரும்பினார். அந்தத் திரும்பலை இன்னொரு தடவை பார்க்க எந்தக் கடையில் என்ன விலை சொன்னாலும் முழு விலைக்கு வாங்கிக்கொள்வேன்.

லோரி கிளம்பிய பிறகு மேனேஜர் என்னைக் கிடங்குக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். டையைத் தளர்த்திக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நானும் எஸ்டேட்டுல பொறந்தவன்தான். எங்கம்மா அடுப்புல சோத்த வச்சிட்டு வந்துருவாங்க. அந்தம்மா ஒம்போதாவது அடி வைக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சி." டையைத் திரும்ப இறுக்கிக்கொண்டு, "நாளையிலருந்து வராதம்மா" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் ஐந்து நாளைக் கழித்துக்கொண்டு கொடுத்தார். ஆக, கழிவு விலையில்தான் நானும் கடையை விட்டுப் போனேன்.

வேலை போனதை அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு, "போனா போவுது. கூப்டான்ல?" என்றார். எனக்குக் கோபமான கோபம். மறுநாள் விடியுமுன் எழுந்து பார்த்தபோது, அவர் வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் இரண்டு பேருக்குரிய மர நிரையை ஒருவராக வெட்டினார். 

போர்வையை யாரும் போர்த்தவில்லை. அந்தப் புழுக்கத்தில் போர்த்தினால் ஆள் அவிந்துபோகும். இருபது வீட்டிலும் இருபது புலிகள் அலமாரியில் அந்துருண்டையோடு படுத்திருந்தன. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், ஏசிக் குளிர் தாங்காமல் அதைக் கொண்டுவரச் சொன்னார். போர்த்திவிட்டேன். "இருவத்தஞ்சு வெள்ளி" என்று புலியைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒதவுதுல்ல?"

தோட்டம் இப்போது இல்லை. சம்பளச் சந்தை கூடிய திடலில் வரிசை வீடு கட்டுகிறார்கள். வாசலில் பெரிய பலகை, சீக்கிரம் பதிபவர்களுக்குச் சிறப்புக் கழிவாம். லயத்தில் பிறந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

பாரோய் கடையில் அந்த விலை அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு அட்டை, அதில் இன்னும் குறைந்த விலை. என்னைப் போல் ஒரு பெண் எங்கேயோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாள். மகளைப் பார்த்து, "அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டமே" என்றேன்.

"மா, நம்ம அடுப்பு ஆட்டோ ஆஃப் லா" என்றாள், தலை நிமிராமல்.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன், பூனைத் தட்டு உட்பட. மெதுவாகத்தான் நடந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. காசு வாங்கும் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. பத்தாவது அடியில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து எனக்கு வழிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.