அழாத பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி மலரையும் அவள் பிள்ளையையும் பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடிக்கு பஸ் ஏறினேன். கையில் தூக்குவாளி. அதற்குள் மஞ்சள் தடவிய பால்சுறா. பிள்ளை பெற்றவளைப் பார்க்க எங்கள் பக்கம் பூங்கொத்தெல்லாம் கொண்டுபோவதில்லை. பால் ஊறுவதற்கு சுறா கொண்டுபோவோம்.

பக்கத்து சீட்டு அம்மா வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். உடனே கையை எடுத்துவிட்டு, "தாய்க்குப் பால் ஊறுதாம்மா?" என்றார்.

ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

மலருக்குப் போதுமான அளவு ஊறவில்லை. அதுதான் உண்மை. பிள்ளையும் எடை குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார் — ஒவ்வொரு தடவையும் முதலில் தாய்ப்பால், அப்புறம் பவுடர் பால், எடை ஏறும்வரை இதை விடக்கூடாது என்று. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பவுடர் என்று நர்ஸ் கரைத்தே காட்டினார். நானும் பக்கத்தில் நின்று எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எங்கள் அம்மா முட்டி ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறார். அதனால் மலர் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில்.

நான் போனபோது வாசலில் ஒரு வேன் நின்றது. குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரர்கள். முந்தின நாள் ஒரு கூட்டம் வந்து போயிருக்கிறது. இது அடுத்த கூட்டம்.

உள்ளே உட்கார இடமில்லை. நடுநாயகமாக மாப்பிள்ளையின் பெரியத்தை. இவர் முந்தின நாளே வந்து தங்கிவிட்டவர். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பெற்றவளுக்குப் பரீட்சை வைத்து மார்க் போடுகிறவர். கட்டிலில் சுவரோரமாக மலர். பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

மலரின் மாமியார் நல்ல மனுஷி. "வா ஆத்தா, இங்கிட்டு வந்து ஃபேனுக்கு நேரா ஒக்காரு" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"புள்ளை எப்படி இருக்கான் அத்தை?"

"அவனுக்கென்ன ஆத்தா... நேத்துலேருந்து சத்தமே இல்ல. அழுகவே மாட்டேங்குறான். அம்புட்டுச் சமத்து! துணி தொவைக்கிற வேலைகூட இல்லைன்னா பாத்துக்கயேன். காலையில கட்டுனது அப்படியே காஞ்சு கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கடைசி வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது.

காஞ்சு கெடக்கா?

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். மிக்ஸி கொஞ்சம் மாறிச் சத்தம் போட்டாலே அலறுகிற ஆள். வீட்டில் என் பயத்துக்கு யாரும் மரியாதை தருவதில்லை. சரி, வழக்கம்போல வீண் பயமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து போய்ப் பிள்ளையின் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வீறிட்டு அழுதவன், இப்போது முகத்தைச் சுளித்ததோடு சரி. உதடு வறண்டிருந்தது. உச்சந்தலையில் கை வைத்தேன். லேசாகக் குழிந்திருந்தது.

குனிந்து மலரின் காதில் கேட்டேன். "பவுடர் பால் டப்பா எங்கடி?"

பெரியத்தையை ஒரு பார்வை பார்த்தாள். "கட்டிலுக்கு அடியில, பைக்குள்ள."

"கரைச்சுக் குடுத்தியா இல்லையா?"

"நேத்துக் காலையிலேருந்து ஆளுக வந்துக்கிட்டே இருக்காகக்கா. எல்லாரும் பாக்கையில எப்படிக் கரைக்கிறது?"

முந்தின நாள் வந்ததும் வராததுமாகப் பெரியத்தை, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிற சாக்கில், "டப்பாப் பாலக் கரைச்சு ஊத்துறவளெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டிருக்கிறார். மலர் டப்பாவைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறாள்.

"மாருல போட்டா கொஞ்ச நேரம் சப்புனான், தூங்கிட்டான். அவன்தான் அழுகலையேக்கா... வயிறு ரொம்பிருச்சுன்னு நெனச்சேன்."

பிள்ளை அழாமல் இருந்தது சமத்தால் இல்லை... அழத் தெம்பு இல்லாமல்!

"அத்தை, உடனே டாக்டர்ட்ட போகணும்" என்று கத்தினேன். "தூங்குற புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறீக?" என்றார் பெரியத்தை. மலரின் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். வாசலுக்கு ஓடிப்போய் வேன் டிரைவரை எழுப்பிவிட்டார். வந்த விருந்தாளிகள் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர்கள் வேனில் நாங்கள் கிளம்பினோம். உள்ளூர் டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், புதுக்கோட்டைக்குப் போகச் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தும் சொன்னார்.

அந்தப் பயணத்தை எப்படி எழுதுவது? "மூச்சு விடுறானாக்கா... மூச்சு விடுறானா?" மலர் இதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவன் மூக்கருகே விரலை வைத்தேன். விரலில் படுவது அவன் மூச்சா, ஜன்னல் காற்றா? தெரியவில்லை. ஜன்னல்களை அடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மெல்லிசாகச் சூடு பட்டது. அதற்கப்புறம் விரலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வழியில் ஓர் ஆட்டு மந்தை சாவகாசமாக ரோட்டைக் கடந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மாமியார் அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நடுவில் மலரின் கையைப் பிடித்து, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா ஆத்தா?" என்றார். மலர் பிள்ளையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன சொல்வாள்? பெரியத்தை அதைச் சொன்னபோது மாமியாரும் அங்கேதான் இருந்திருக்கிறார். அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பயம்தான்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர், மலரின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார். அந்த மீதியை நான் இன்றைக்கும் மனசுக்குள் நிரப்பிப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் பிள்ளை வாயைத் திறந்தான் பாருங்கள்... வார்டே திரும்பிப் பார்த்தது. எந்தக் கச்சேரியிலும் நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

தாய்ப்பாலுக்கு நான் எதிரி இல்லை. என் பிள்ளைகள் இரண்டும் அதைக் குடித்து வளர்ந்தவைதான். டாக்டரும் இப்போதும் அதைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறார். ஆனால் போதவில்லை என்றால்? அதைப் பெற்றவள் எந்த வாயால், யாரிடம் சொல்வாள்? 'ஊறுதா?' என்று கேட்க வேன் பிடித்து வருகிறோம். 'இல்லை' என்று அவள் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குக் காது இருக்கிறது?

பிள்ளை தேறி வீடு திரும்பினான். என் பயம் தேறவில்லை. பெரியத்தை மறுபடி வருகிறாராம் என்று கேள்விப்பட்டதும், மலர் திரும்பவும் டப்பாவை ஒளித்துவிடுவாளோ என்ற நினைப்புதான். போகலாமென்றால் அன்றைக்கு அம்மாவை விட்டு நகர முடியவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது.

"அக்கா... பெரியத்தை வந்துட்டுப் போறாக."

"என்னடி ஆச்சு?"

"அவுக முன்னாடி வச்சுத்தான் கரைச்சேன். ஒரு ஸ்பூன் பவுடர் தரையில கொட்டிப்போச்சு. மறுபடி அளந்து போட்டேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"என்னமோ சொன்னாக. எனக்குக் காதுல ஏறல. அவன் குடிச்சு முடிக்கிறவரைக்கும் அவனையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இல்லக்கா. இன்னும் இருக்கு."

இருந்துவிட்டுப் போகட்டும்... பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டதே!