யாரும் எடுக்காத ராணி

என் அக்கா வீட்டுக்காரர் பதினொரு வயதில் ஒரு பெரிய செஸ் ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். ஊருக்கு வந்திருந்த அந்த மனிதர் ஒரே நேரத்தில் முப்பது பேரோடு ஆடினார். இருபத்தொன்பது பேர் தோற்றார்கள். மாமா மட்டும் தன் ராணியை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்து, ஆறே நகர்த்தலில் அவருடைய ராஜாவை மூலையில் மடக்கினார். அன்று எடுத்த புகைப்படம் செஸ் கிளப்பின் சுவரில் இன்றும் தொங்குகிறது. படத்தில் மாமாவின் கால்கள் தரையைத் தொடவில்லை.

அதற்கப்புறம் அவரோடு யாரும் ஆடவில்லை.

ஆடவில்லையே தவிர, எதிரில் வந்து உட்காருவார்கள். மாமா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். எதிரில் இருப்பவர் கன்னத்தில் கைவைத்துப் பத்து நிமிடம் பார்ப்பார். "புரிஞ்சுபோச்சு சாம்பியன்" என்று கைகுலுக்கி எழுந்துவிடுவார். என்ன புரிந்தது என்று மாமா கேட்டால், "நீங்க என்னையா கேக்கறீங்க?" என்று சிரிப்பார். ஒருவர் தொலைபேசியிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். இன்னொருவர், வெளியூரில் இருக்கும் தன் தம்பிக்கும் சேர்த்து. இப்படியே முப்பத்திரண்டு வருடமாக மாமா கிளப்பில் முதல் இடத்தில் இருக்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில், ஃபிரேமுக்குப் பொருந்தும்படி ஓரத்தைத் தேய்க்க வேண்டும். ஒருமுறை இடது கண்ணுக்கானதை வலது பக்கம் மாட்டிவிட்டார். சண்டைக்கு வந்த வாடிக்கையாளரிடம் முதலாளி குரலைத் தாழ்த்தி, "அவரு எதையாவது யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாரு. ஒரு வாரம் போட்டுப் பாருங்க" என்றாராம். அந்த மனிதர் இப்போதெல்லாம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார்.

இந்த வருடம் பக்கத்து ஊர் கிளப்போடு போட்டி வந்தது. கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் உட்காரும் முதல் பலகையில் மாமா. செய்தி வந்த அன்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"மூணாவது நகர்த்தலுக்கு மேல எனக்கு ஞாபகமே இல்லடா," என்றார் என்னிடம். "முழுசா ஒரே ஒரு ஆட்டம். தோத்தாலும் பரவாயில்ல. கடைசிவரைக்கும் யாராவது என்னோட ஆடினா போதும்."

அக்காவைக் கெஞ்சி உட்காரவைத்தார். அவள் பலகையைப் பார்க்கக்கூட இல்லை.

"துணி நனைச்சு வச்சிருக்கேன். நீங்களே ஜெயிச்சுக்குங்க."

"ஒரு காயையாவது நகர்த்தும்மா."

"எதுக்கு? பொண்ணு கேட்டு வந்தப்பவே எங்கப்பா ஒரே நிமிஷத்துல விட்டுக்கொடுத்துட்டாரு. நான் எந்த மூலைக்கு?"

அடுத்தது நான். குதிரை எப்படிப் போகும் என்பதே எனக்குச் சந்தேகம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, நானும் தோற்றுவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் தனியாக ஆடிப் பார்த்தார். வெள்ளைக்கு ஒரு நகர்த்தல்; எழுந்து சுற்றிப்போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக்கு ஒன்று. நாலாவது சுற்றில், கறுப்புப் பக்கம் உட்கார்ந்தவர் எதிரே இருந்த காலி நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோற்றுவிட்டதாகத் தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டார்.

"என்ன மாமா?"

"அந்தப் பக்கம் யாருன்னு நெனச்சுப் பாத்தேன். கை ஓடல."

போட்டி எங்கள் கிளப்பில்தான். மாமாவின் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. இந்தப் பக்கத்துக்கே புதியவர்; மாமாவைப் பற்றி எதுவும் கேள்விப்பட்டதில்லை. மாமா சிப்பாயைத் தள்ளினார். டாக்டரம்மாவும் தள்ளினார். நான்கு, ஐந்து, பத்து என்று ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறாவது நகர்த்தலில், அந்தச் சந்தோஷத்திலேயே ராணியைத் தூக்கி டாக்டரம்மாவின் குதிரை பாய்ந்து வெட்டும் கட்டத்தில் இரையாக வைத்தார். ஒரு காரணமும் இல்லை.

"வச்சிட்டாருய்யா! மறுபடியும் ராணி!" என்று ஒரு குரல் தெறித்தது. கூட்டம் எழுந்து நின்றது. யாரோ சுவரிலிருந்த படத்தைக் காட்டி டாக்டரம்மாவின் காதில் விஷயத்தைப் போட்டார்கள். அவர் நாற்பது நிமிடம் யோசித்தார்.

மாமாவால் தாங்க முடியவில்லை. "அம்மா, தெரியாம வச்சுட்டேன். எடுத்துக்குங்க."

டாக்டரம்மா நடுவரை நோக்கிக் கையைத் தூக்கினார். "சார், இவரு என் மனசைக் கலைக்கிறாரு."

"சத்தியமாம்மா. சும்மாதான் நிக்குது. எடுங்க."

"இவ்ளோ கெஞ்சறாருன்னா உள்ள என்ன வச்சிருக்காரோ!" என்றவர், கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் மாமா எழுந்திருக்கவில்லை.

"எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அவங்க கதை முடிஞ்சிருக்கும்," என்றார் கிளப் செயலாளர்.

"எப்படி?"

"எப்படின்னா... உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்க என் பக்கம் உக்காருங்க. நான் அவங்க பக்கம். இதோ, எடுத்துட்டேன். இப்ப ஆடுங்க."

செயலாளர் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். காப்பாற்ற வேண்டியது மாமாவின் பெயரை; பாதியில் எழுந்துபோக அவருக்கு உரிமை இல்லை. வேர்த்து விறுவிறுத்து யோசித்தார். மூன்று பேர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "யானையை விடு, யானையை விடு" என்றார்கள். ராணி இல்லாத படை ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து வந்தது. ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் மாமாவின் ராஜா பலகையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. போக இடமிருக்கிறதா என்று மாமா மூன்றுமுறை பார்த்தார். இல்லை.

"பாத்தீங்களா!" செயலாளர் மேசையைத் தட்டினார். "நீங்க வச்ச ராணியோட அருமை உங்களுக்கே தெரியல. உங்களாலயே உங்களை ஜெயிக்க முடியல!"

மாமா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முகம் சிவக்கப் பலகைமேல் கவிழ்ந்திருந்தார்.

"நான் எங்க தப்பு பண்ணேன்? மந்திரியைப் பின்னாடி இழுத்தேனே, அங்கயா?"

"அதுக்கு முன்னாடியே சாம்பியன். அந்தச் சிப்பாயை வெட்டினீங்களே, அங்க."

"அட, ஆமா! என்ன மடத்தனம்," என்றார் மாமா, நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு. "அப்புறம்? வேற எங்கெல்லாம்?"