லவோன் வாங்கிய கண்

சிவப்புப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுவிட்டு, பட்டியலின் நான்காம் பக்கத்தில் இன்னொரு வரியை அடித்தாள் லவோன் ட்ரெப்டோ. "சீட்டுக்குள்ளயே முதுகு பிடிச்சுவிடுமாம். இவன் விருந்தாளி." அடுத்த வரி. "கூரை முழுக்கக் கண்ணாடி. ஆலங்கட்டி விழுந்தா யாரு பதில் சொல்றது? விருந்தாளி." அதற்கடுத்த வரியில் பென்சில் நின்றது. "டிரெய்லர் டயர்ல காத்து குறைஞ்சா முன்கூட்டியே சொல்லுமாம். ம்ம். இவன் வேலைக்காரன்." ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டாள்.

புதுப் பிக்கப் வண்டியில் காசு கொடுத்தால் கூடுதலாகச் சேர்த்துத் தரும் வசதிகளின் பட்டியல் அது. பதினோரு பக்கம். உழைக்கிற வசதி அவளுக்கு வேலைக்காரன்; சும்மா உட்கார்ந்திருப்பது விருந்தாளி. எங்கள் மாட்டுச்சந்தையின் சாப்பாட்டு அறையில் அதை மூன்று வாரமாக விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சி ரொட்டி ஆறிப்போய்க் கிடக்கும்.

நான் அந்தச் சந்தையில் எடை போடுகிறவன். இருபது வருஷமாக அவளைப் பார்க்கிறேன். அறுபத்தொரு வயது. மேல்சட்டைப் பையில் ஒரு குறடு, வைக்கோல் கட்டும் நூல், நாலைந்து புதினா மிட்டாய். தன் கன்றுகளோடு அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் கன்றுகளையும் டிரெய்லரில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவதுதான் தொழில். கன்றுகளை "வாங்க துரைமாரே" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். இயந்திரங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. எது புதிதாகக் கைக்கு வந்தாலும், தர்பூசணியைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். பழம் வைத்துச் சுட்ட பை வாங்கினால் ஓரத்து மொறுமொறுப்பை முதலில் தின்றுவிட்டு, நடுவில் இருக்கும் பழத்தைக் கணவன் எல்டன் பக்கம் தள்ளிவிடுவாள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு காளை அவளைத் தொழுவத்து இரும்புக் கேட்டோடு சேர்த்து நசுக்கியது. மருத்துவர்கள் கழுத்தெலும்புகளைத் தகடு வைத்து இணைத்தார்கள். உயிர் பிழைத்தாள். தலை மட்டும் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் ஆந்தைக்கு நேர்மாறாக, தோளும் இடுப்புமாக மொத்த உடம்பையும் திருப்புவாள். "கழுத்து திரும்பணும்னா கடவுள் நல்ல கழுத்தா பாத்துக் குடுத்திருக்கணும்" என்று அதையும் சிரிப்பாக்கிவிட்டாள்.

சிரிப்பு மார்ச் மாதத்தில் நின்றது. அன்று கன்றுகளை இறக்க, டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்டன் வழக்கம்போலப் பின்னால் நின்று கை காட்டினார். அவருக்குக் கண்பார்வை மங்கி, வண்டி ஓட்டக் கூடாதென்று சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது; ஆகவே கை காட்டுவது அவர் வேலை. பனிக்கட்டியில் கால் வழுக்கி டிரெய்லருக்கு நேர் பின்னால் விழுந்தார். கண்ணாடிகளில் அவர் தெரியவில்லை. பழைய கழுத்தாக இருந்தால் எட்டிப் பார்த்திருப்பாள். நான் கத்திக்கொண்டே டிரெய்லரின் தகரச் சுவரை உதைத்தேன். அவர் மார்புக்கு ஒரு முழம் முன்னால் சக்கரம் நின்றது.

லவோன் இறங்கிவந்து அவரைப் பார்த்தாள். பிறகு சாவியை என் கையில் வைத்தாள். "நீயே வீட்டுல கொண்டு விட்டுடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஓட்டவில்லை. எல்டனால் ஓட்ட முடியாது. "டிரெய்லரை வித்துடலாம். ரெண்டு பேரும் உக்காந்து சீட்டாடலாம்" என்று ஒருநாள் எல்டன் சொன்னபோது, அவள் எழுந்துபோய், மறுநாள் அந்தப் பதினோரு பக்கத்தோடு வந்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள் டிரெய்லரை நான்தான் பிக்கப் விற்பனைக் களத்துக்கு இழுத்துப் போனேன். விற்பனையாளர் ரஸ் ப்ரோகாப் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"வா லவோன்! உனக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். பாத்தா விடவே மாட்ட."

"ஏழாங்கிளாஸ்ல பன்னிக்குட்டி வித்தப்பவும் இதையேதான் சொன்ன. மூணாம் நாள் செத்துப்போச்சு."

ரஸ் சிரித்துக்கொண்டே பளபளப்பான வண்டியின் கதவைத் திறந்தார். லவோன் முதலில் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். ஏறி உட்கார்ந்து, தடித்த தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டு, பெரிய திரையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள்.

"கையுறையைக் கழட்டிட்டுத் தொடணும்" என்றார் ரஸ்.

"ஜனவரி மாசத்துல ஹீட்டர் போடறதுக்கு நான் கையுறையைக் கழட்டணுமா? திருகுற குமிழ் வச்ச வண்டி எங்க?"

"அது சாதாரண மாடல்ல இருக்கு."

"அப்ப சாதாரணத்தைக் காட்டு."

அந்தப் பளபள வண்டியில், வேகம் எவ்வளவு என்பதை முன்கண்ணாடியிலேயே ஒளியாகக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. எல்டனுக்கு அதில் ஆசை. "குனியவே வேண்டாம் லவோன். உன் கழுத்துக்கு நல்லதுதானே?" அவள் பார்த்தாள். "எங்கே? ஒண்ணையும் காணோம்." ரஸ் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தார், எண்கள் பளிச்சென்று தெரிந்தன. கடைசியில்தான் புரிந்தது: அவளுடைய கூலிங் கிளாஸ் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. "பகல் முழுக்க இது என் மூக்கை விட்டு இறங்காது. விருந்தாளி."

அடுத்து, குமிழைத் திருப்பினால் போதும், ஸ்டியரிங் தானாகச் சுழன்று டிரெய்லரைப் பின்னால் கொண்டுபோகும் என்று ரஸ் தொடங்கினார். லவோன் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா டிரெய்லரைத் திருப்பறேன். எனக்குக் கை போகல ரஸ். பின்னால பாக்குற கண்ணுதான் போச்சு. அதுக்கு என்ன வச்சிருக்க?"

ரஸ் முகத்திலிருந்து விற்பனைச் சிரிப்பு இறங்கியது. மார்ச் மாதத்துச் சங்கதி ஊருக்கே தெரியும். உள்ளே போய் ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்தார். டிரெய்லரின் பின்கதவில் பொருத்தினால், பின்னால் இருப்பதெல்லாம் திரையில் தெரியும். அதைப் பொருத்தி, டிரெய்லரைப் புது வண்டியில் மாட்டிவிட்டார்.

அவள் என்னிடம், டிரெய்லருக்குள் இருந்த வைக்கோல் கட்டை இறக்கச் சொன்னாள். அதற்கு எல்டனின் பழைய பழுப்புக் கோட்டைப் போர்த்தி, மேலே அவருடைய தொப்பியையும் வைத்தாள்.

"என் கோட்டு எதுக்கு?" என்றார் எல்டன்.

"அப்பத்தான் எனக்குப் பயம் இருக்கும்."

முதல் தடவை கேமராவை அணைத்து வைத்து, கண்ணாடிகளை மட்டும் பார்த்துப் பின்னால் வந்தாள். கட்டு டிரெய்லருக்கு நேர் நடுவில் இருந்தது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, டிரெய்லர் கட்டை இடித்துச் சாய்த்தது; உருண்டு போன தொப்பியின் மேல் சக்கரம் ஏறி நின்றது. அவள் இறங்கி வந்து பார்த்தாள். எல்டன் தொப்பியை உருவி எடுத்து, நசுங்கிய இடத்தை விரலால் தட்டி நிமிர்த்தினார். "பழசுதான், விடு" என்றார்.

கேமராவைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தாள். வண்டி நின்றது. இறங்கி, கோட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே கையை விரித்து வைத்தாள். ஒரு சாண். "இன்னொரு தடவை." கட்டை இடதுபக்கம் நகர்த்தச் சொன்னாள், பிறகு வலப்பக்கம். ஐந்து தடவையும் நின்றாள். அதன்பிறகு, யாரும் எதிர்பாராதபடி, டிரெய்லர் தரையிலிருந்து ஒரு கை சாணியை எடுத்துக் கேமராவின் மேல் அப்பினாள். ரஸ் "ஐயையோ" என்றார். திரை முழுக்கப் பழுப்பு.

"ரோட்டுல சகதி தெறிக்காதா? அப்ப கிளம்பும்போதும் பின்னால எடுக்கும்போதும் நான் இறங்கி இவனைத் துடைச்சாகணும்." துணியால் துடைத்தாள். "சரி, துடைக்கிறேன். இவன் வேலைக்காரன்."

ஆனால் ரஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேமரா உச்ச மாடலோடுதான் வரும் என்றார். முதுகு பிடிக்கும் சீட்டு, கண்ணாடிக் கூரை, எல்லாம் சேர்த்து.

"அதை வாங்கணும்னா எங்க மேற்கு மேய்ச்சல் நிலத்தை விக்கணும்" என்றாள் லவோன் மெதுவாக. "சொந்த மாடே இல்லாம டிரெய்லர் எதுக்கு?" பட்டியலை நான்காக மடித்தாள். "வா எல்டன், போலாம்." அந்தப் பதினோரு பக்கத்தையும் அவள் மூன்று வாரம் எதற்காகப் படித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கேயாவது ஒரு வழி இருக்கும் என்று தேடியிருக்கிறாள்.

"நில்லு, நில்லு. பத்து நிமிஷம் குடு" என்று ரஸ் உள்ளே ஓடினார். அரைமணி நேரம் போனில் யார் யாரையோ கேட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம். எல்டன் ஒரு புதினா மிட்டாயை நீட்டினார், அவள் வாங்கவில்லை. ரஸ் ஒரு தாளோடு வெளியே வந்தார்.

"சாதாரண மாடல்லயே, இழுவைக்குன்னு தனியா ஒரு தொகுப்பு இருக்கு. கேமரா, டிரெய்லர் டயர் காத்து, பக்கத்துல வண்டி வந்தா எச்சரிக்கை. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல, அதான் எனக்கே தெரியல. சீட்டு மட்டும் துணிதான். பரவாயில்லையா?"

"துணியா? நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?" என்று சொல்லிக்கொண்டே அந்த வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கழுத்து அசையாததால் தோள்கள் மட்டும் குலுங்கின.

எல்டன் பட்டியலை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, ஒரு வரியைத் தேடினார். "ஸ்டியரிங் சூடாகுறது ஒண்ணு இருக்கு. அதையும் போடு ரஸ்."

"அது விருந்தாளி" என்றாள் அவள்.

"குளிர்ல உன் விரல் மடங்கமாட்டேங்குது. எனக்குக் கண்ணுதான் தெரியாது." அவள் காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவி, அவரே ஒரு டிக் போட்டார். அது பக்கத்து வரியில் விழுந்தது. லவோன் சரியான வரிக்கு அதை மாற்றிப் போட்டாள்.

ஜூன் மாதம் வண்டி வந்தது. முதல் சுமை பதினான்கு கன்றுகள். காலையில் சந்தைக்குள் நுழைந்ததும் இறங்கிப் போய்க் கேமராவைத் துடைத்தாள். எல்டன் பழக்கத்தில் இறங்கப் போனார். "நீ உள்ளயே இரு" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. டிரெய்லர் பின்னால் வரத் தொடங்கியது. தீவன வாளிகளோடு ஒருவர் கவனிக்காமல் குறுக்கே வந்தார். கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் பிரேக் விளக்கு எரிந்துவிட்டது. அவர் கடந்து போனார். டிரெய்லர் மீண்டும் நகர்ந்து, இறக்குமிடத்துக் கட்டைகளுக்கு நடுவே ஒரே மூச்சில் வந்து பொருந்தியது.

எடைச்சீட்டைக் கொடுக்க ஜன்னலோரம் போனேன். இன்ஜினை அணைத்திருந்தாள். எல்டன் நேராக முன்னால் பார்த்தபடி, கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். லவோன் தோளும் இடுப்புமாக முழுசாக அவர் பக்கம் திரும்பி, கையை நீட்டி, கைப்பிடியிலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.